மதிலுக்குள் எல்லாமே இருக்கிறதா?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை போகிறவர்கள் பல ஆண்டுகளாக ஒரே வாசகத்தை விதவிதமான விளம்பரப் பலகைகளில் படித்துவருகிறார்கள்: எல்லாமே மதிலுக்குள், வெளியே வர வேண்டிய தேவையே இல்லை. நீச்சல் குளம், ஜிம், பிள்ளைகளுக்குப் பூங்கா, சொந்தத் தண்ணீர், சொந்த ஜெனரேட்டர், சொந்தக் காவல். வீடு விற்கிறவர் இப்படிச் சொல்வது அவர் பிழைப்பு. அங்கே குடியேறியவர்களும் அதையே நம்பி, “நாங்கள் யாரையும் அண்டி வாழவில்லை” என்று பேசுவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் தேவிகுளம் மலையிலிருந்தும் வேலைக்குப் போன பிள்ளைகள், வங்கிக் கடன் வாங்கி இந்த வாசகத்துக்குத்தான் மாதத் தவணை கட்டுகிறார்கள்.

முதல் வாதம், நகரத்து நெரிசல் இங்கே கிடையாது என்பது. காலை ஒன்பது மணிக்கு சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கிற யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும்.

இரண்டாவது, தனியார் முயற்சியால் தானாக வளர்ந்த பகுதி இது என்பது. 2000-இல் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பார்க்கை அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து உருவாக்கின. சிறுசேரி ஐ.டி. பூங்கா இன்னோர் அரசு நிறுவனமான சிப்காட்டுடையது. ஆறுவழிச் சாலையைப் போட்டதும் அரசு நிறுவனம்தான். அந்தச் சாலை வந்த பிறகே மனை விலை ஏறியது.

மூன்றாவது, பாதுகாப்பு. வாசலில் சீருடைக்காரர், மூலைக்கு மூலை கேமரா. திருடனுக்கு இது போதும், மழைக்குப் போதாது. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகத் துரைப்பாக்கத்தில் இதே சாலைக்கு அடியில் புகுந்து, பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்த சதுப்பு நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதிதான். குப்பைமேடும் சாலைகளும் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் மீதியை விழுங்கிவிட்டன. எஞ்சியதற்கு 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. 2015 டிசம்பர் பெருமழையின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மக்களைப் படகில் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

நான்காவது வாதம்தான் எல்லாவற்றிலும் பெரிய பொய்: சொந்தத் தண்ணீர்.

விடிவதற்கு முன் இந்தக் குடியிருப்புகளின் பின்வாசலில் நின்றால் போதும். 12,000 லிட்டரும் 24,000 லிட்டரும் பிடிக்கிற லாரிகள் வரிசை கட்டும். காவலாளி நோட்டில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார். கிளீனர் தடித்த ஹோஸை இழுத்து சம்ப்பில் சொருகுவார். லாரி காலியானதும் அடுத்தது பின்னோக்கி வரும். கடலோரப் பகுதி என்பதால் பல இடங்களில் போர் போட்டாலும் உப்புநீர்தான். ஆகவே தண்ணீர் கோவிலம்பாக்கம் போன்ற புறநகர்க் கிராமங்களின் கிணறுகளிலிருந்து வருகிறது. விவசாயத்துக்கு வெட்டிய கிணற்றில் மோட்டார் போட்டு லாரிக்கு விற்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றில் நீர்மட்டம் இறங்குகிறது. சென்னைப் பகுதியில் நிலத்தடி நீரை எடுக்கவும் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும் என்று 1987-இலேயே சட்டம் வந்துவிட்டது. நிலத்தடி நீர் எடுப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். “சொந்தத் தண்ணீர்” எத்தனை நாள் தாங்கும் என்பது அப்போதே தெரிந்தது.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளான பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. இந்தச் சாலையில் இருந்த ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது: 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். நீச்சல் குளம் வைத்துக் கட்டிய குடியிருப்புகளும் அந்த மாதங்களில் லாரிக்காரரின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருந்தன.

ஓர் ஊரின் நிலத்தடி நீரை இன்னொருவர் விலைக்கு எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று கேரள எல்லைப்புறத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தூர் வட்டம் பிளாச்சிமடையில் கோக்கோகோலா ஆலை 2000-இல் ஓடத் தொடங்கியது. இரண்டே ஆண்டில் கிணற்றுநீர் வாயில் வைக்க முடியாமல் போய், 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது மாறினாலும், 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி நிலையாக ஓடவில்லை. அங்கே உறிஞ்சியது ஒரு நிறுவனம் என்பதால் எதிரி கண்ணுக்குத் தெரிந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் உறிஞ்சுகிறவர்கள் ஆயிரக்கணக்கான நல்ல குடும்பங்கள். பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறவர்கள். அதனால் கிணற்றை இழந்தவர் யார் வாசலில் போய் உட்காருவார்?

ஐந்தாவது, நாங்களே எங்களைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது. பாத்திரம் துலக்குவது, சமைப்பது, முதியவரைக் குளிப்பாட்டுவது, குப்பை அள்ளுவது, இரவெல்லாம் வாசலில் நிற்பது, இவற்றைச் செய்கிறவர்கள் பலர் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள். கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் தெருவிலும் குடத்தோடு காத்திருப்புதான். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தரத் தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பல குடியிருப்புகள் இவர்களுக்குக் கதவைச் சாத்தின. கொஞ்ச நாளிலேயே சிங்க்கில் பாத்திரம் குவிந்ததும் இவர்களின் அருமை தெரிந்தது. கதவு திறந்தபோது அடையாள அட்டையும் பைச் சோதனையும் சேர்ந்து வந்தன.

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் உள்ளே வந்தன. அதன் பிறகும் பல தெருக்கள் குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் காத்துக்கிடந்தன. குடியிருப்போர் சங்கங்கள் இதற்காக மனு கொடுக்கின்றன. கொடுக்கட்டும், நியாயமான கோரிக்கை. அதே மனுவில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குழாய் கேட்டும், லாரிக் கிணறுகளுக்கு அளவு வைக்கச் சொல்லியும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.