பிரபுப் பட்டமும் பிறவிப் புரட்டும்

வானகரம் மீன் சந்தையிலே ஒருவர் வஞ்சிரம் விற்றால், அவர் மகனும் நல்ல மீன் எது, கெட்ட மீன் எது என்று கற்றுக்கொண்ட பிறகுதான் தராசைப் பிடிக்க முடியும். அப்பன் பெயருக்காக ஒருவரும் நாறின மீனை வாங்கிப் போகமாட்டார்கள். ஆனால் சட்டம் செய்கிற வேலைக்கு மாத்திரம் இந்தச் சாதாரண அறிவு வேண்டியதில்லை, அப்பன் பெயரே போதும் என்று வெகுகாலம் வைத்திருந்த தேசம் இங்கிலாந்து.

அந்நாட்டார் பரம்பரைப் பிரபுப் பட்டம் கொடுத்தது இந்தியரில் ஒரே ஒருவருக்குத்தான். அவர் வங்காளத்து ராய்ப்பூர் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. பெரிய பாரிஸ்டர், 1909-ல் வைசிராய் நிர்வாக சபையின் சட்ட மெம்பர், 1915-ல் பம்பாய்க் காங்கிரசின் தலைவர். 1919-ல் பிரபுவானார். அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நாம் குறைசொல்ல வரவில்லை. படித்தார், உழைத்தார், உயர்ந்தார். அவருக்குப்பின் அதே பட்டத்துக்கு வருகிறவர்கள் அதற்காகச் செய்த காரியம் என்ன? பிறந்தார்கள், அவ்வளவுதான்!

நிற்க, 1928-ல் அவர் காலமானார். மகன் அருண்குமார் வாரிசு. ஆனால் 1939 வரையில் பிரபுக்கள் சபை அவரை உள்ளே விடவில்லை. ஏன்? அவருடைய தாய் தகப்பனுக்கு 1880-ல் நடந்தது இந்துக் கலியாணம். இந்து ஆண் அன்று எத்தனை பெண்களை வேண்டுமானாலும் கட்டலாம். அப்படிப்பட்ட கலியாணத்துப் பிள்ளை சரியான வாரிசாவானா என்று சந்தேகமாம்! கடைசியில், 1886-ல் தம்பதிகள் பலதார மணத்தை ஒப்பாத சாதாரண பிரம்ம சமாஜத்தில் சேர்ந்துவிட்டார்கள், மகன் பிறந்தது 1887-ல் என்று கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் தம் தாயாரின் கலியாணத்துக்கு ருசு காட்ட வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரனைப் பார்த்து நாம் சிரிக்க முடியுமா? புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை ஹைகோர்ட்டு சொல்லவில்லையா? 1967-ம் வருஷத்திய சட்டத் திருத்தம் வந்த பிறகுதானே அந்தத் தம்பதிகளுக்கு விமோசனம்? பட்டத்தைக் காப்பாற்றுவதானாலும் ஜாதியைக் காப்பாற்றுவதானாலும் முதலில் பரிசோதிக்கப்படுகிறது பெண்ணின் தாலிதான். அப்படிப் பரிசோதித்த பிறகாவது பெண்ணுக்கு ஏதேனும் உண்டா? அதுவும் இல்லை. இந்தப் பட்டம் ஆண் வழிக்கே உரியது. ஒரு பிரபுவுக்கு எத்தனை மகள்கள் இருந்தாலும், மகன் இல்லையென்றால், அது தம்பியையோ சிற்றப்பனையோ தேடிப் போகும்.

1999-ல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சபையை விட்டு வெளியேற்றச் சட்டம் செய்தார்கள். பட்டத்தை மாத்திரம் தொடவில்லை. இந்த விஷயத்தில் நமது செங்கல்பட்டு மாநாடு எவ்வளவோ மேல். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஜாதிப் பட்டத்தை வெட்டவும், பெண்ணுக்கு ஆணைப்போலச் சொத்துரிமை கொடுக்கவும் 1929-லேயே தீர்மானித்தது. பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஏற 1989 வரை ஆயிற்று. ஜாதிப் பட்டமோ நம் பக்கத்துக் கலியாணப் பத்திரிகைகளிலே பாட்டன் பெயருக்குப் பின்னால் இன்னும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. அச்சடிக்கக் கொடுக்கிற தோழர்களே, நீங்கள் எந்தப் பிரபுக்கள் சபையில் போய் உட்காருவதாக உத்தேசம்?