பூஜ்யம் வந்தால் இல்லை என்று அர்த்தமா?

கம்ப்யூட்டரிடம் தப்பாகக் கேள்வி கேட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும். அந்தத் திட்டு நல்லது. எங்கே தப்பு என்றாவது தெரியும். திட்டாமல், சிரித்த முகத்தோடு "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடும் இடம்தான் ஆபத்து. எக்ஸ்எம்எல் கோப்புக்குள் தேட உதவும் எக்ஸ்பாத் அப்படி ஒரு இடம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது எதற்கு? காரணம் இருக்கிறது. டாலி தன் கணக்கை எக்ஸ்எம்எல்லாக வெளியே கொடுக்கும். குறிப்பிட்ட வகைக் கம்பெனிகள் நிதி அறிக்கையை எக்ஸ்பிஆர்எல் வடிவில் தாக்கல் செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2011-ல் கட்டாயமாக்கியது. எக்ஸ்பிஆர்எல்லும் எக்ஸ்எம்எல்தான், கணக்குப்பிள்ளை வேஷத்தில் :-)

ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சிக்குச் சேர்ந்த ஒருவர், மளிகை மொத்த வியாபாரியின் விற்பனைக் கோப்பில் 'கோதுமை' என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில்: எதுவும் இல்லை. கோதுமையே விற்கவில்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. கோப்பில் கோதுமை இருந்தும் இந்தப் பதில் வரக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு.

முதலாவது நேம்ஸ்பேஸ். இதை இனிஷியல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் தலையில் முன்னொட்டு இல்லாமல் ஒரு நேம்ஸ்பேஸ் அறிவித்திருந்தால் உள்ளே முன்னொட்டில்லாமல் இருக்கும் உறுப்புகளுக்கும் அந்த இனிஷியல் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. 1999-ல் வந்த எக்ஸ்பாத் 1.0-வில் வெறும் பெயரைச் சொன்னால் "இனிஷியலே இல்லாத குமார் யார்?" என்று கேட்டதாக அர்த்தம். வகுப்பில் பத்து குமார் இருந்தும் ஒருவரும் கை தூக்கமாட்டார்கள்.

இரண்டாவது காலி இடம். பெயருக்கு முன்னும் பின்னும் இடைவெளியோ புதிய வரியோ இருந்தால் 'சமம்' என்ற ஒப்பீடு தோற்கும். நார்மலைஸ்-ஸ்பேஸ் அதைச் சுத்தம் செய்யும். ஆனால் வெப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் 'உடையாத இடைவெளி'யை அது தொடாது.

மூன்றாவது நம் தமிழ் எழுத்திலும் வருவது. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று. அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எக்ஸ்பாத்துக்கு அவை வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி 2007-ல் வந்த எக்ஸ்பாத் 2.0-வில்தான் சேர்ந்தது. லிப்எக்ஸ்எம்எல்2 போன்ற பரவலான கருவிகள் இன்றும் 1.0-வோடு நிற்கின்றன.

இதுவரை சொன்னதில் பதில் 'காலி'. இனி வருவது இன்னும் மோசம். மேலே சொன்ன நேம்ஸ்பேஸ் தப்போடு தொகைகளைக் கூட்டச் சொன்னால் எக்ஸ்பாத் '0' என்று பதில் தரும். காலியைக் கண்டால் சந்தேகம் வரலாம். பூஜ்யமோ ஒரு எண். நேராக அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், '1,25,000' என்று கமா போட்ட தொகை கோப்பில் இருந்தால் 1.0-வின் கூட்டல் "இது எண்ணே இல்லை" என்று கையை விரிக்கும். 2.0 பிழை என்றே கத்தும். கமாவுக்குக் கிடைக்கிற எச்சரிக்கை, மொத்தக் கோப்பும் கண்ணில் படாமல் போனதற்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் மொழி வடிவமைப்பில் தப்பா? அப்படிச் சொல்வது நியாயமில்லை. தள்ளுபடி என்ற உறுப்பு சில பில்லில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாதபோதெல்லாம் பிழை என்று கத்தினால் எந்த வேலையும் ஓடாது. காலி என்பதும் முறையான பதில்தான். அது சரியான கேள்விக்கு வந்த பதிலா என்று பார்ப்பது கேட்டவரின் பொறுப்பு. "சாஃப்ட்வேர் சொல்லிச்சு" என்பது சாக்கு, சான்று அல்ல.

அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் அறிவு வேண்டாம். கோப்பை எடிட்டரில் திறந்து, நிச்சயமாக உள்ளே இருக்கும் ஒரு பொருளை அதே கேள்வியால் தேடிப் பார்க்க வேண்டும். அதுவும் வரவில்லையென்றால் கோளாறு கேள்வியில். பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் விடை வருகிறதோ அங்கேதான் சிக்கல். நிபந்தனையே இல்லாத வெறும் பெயருக்கும் விடை இல்லையா? முதல் சந்தேகம் நேம்ஸ்பேஸ் மேல்.

இருப்பாய்வு சரியாக வந்துவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமல்ல, விடுபட்ட பதிவு அதில் தெரியாது என்று பிளஸ் ஒன்னிலேயே சொல்லித் தருகிறார்கள். அந்தப் பாடத்தைப் பேரேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் கோப்புக்கும் நீட்டினால் போதும். தேடிக் கிடைக்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. முன்னதைப் பின்னதாக எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு முறை தேடிவிடுவது நல்லது.