அடைத்து வைத்தால் ரோஷம் வருமா?

திருமழிசை தொழிற்பேட்டையைத் தாண்டினால் வயலாக இருந்து மனையாக மாறிய தெருக்கள். அங்கே காலை எட்டரை மணிக்கு வீட்டுக்கு வீடு ‘டணங்’ என்று இரும்புத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் வீட்டைப் பூட்டும் முன் நாயைப் பூட்டுகிறார்கள். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், ஜன்னல் கிரில் செய்து மிஞ்சிய கம்பியில் வெல்டிங் வைத்த ஒரு கூண்டு. அதன் தலையில் ஒரு தகர ஷீட். இனி ராத்திரி ஏழு மணிக்குத்தான் தாழ்ப்பாள் திறக்கும்.

ஏன் என்று எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான். பக்கத்து வீட்டில் லேப்ரடார் வளர்க்கிறவர் என்னிடம் சொன்னார்: “பகல்ல அவுத்துவிட்டா போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் பழகிடும் சார். நாளைக்குத் திருடன் வந்தாலும் வாலாட்டும். அடைச்சு வெச்சாதான் ரோஷம் ஏறும்.”

அவர் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வீட்டுக்கு அரைக் கிலோ, நாய்க்கு ஒரு கிலோ என்று வாங்குகிறவர். அவருக்கு அவர் அப்பா சொன்னது. அப்பாவுக்கு ஊர் சொன்னது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். அதனால் என் சண்டை அவரோடு இல்லை, அந்தச் சொல்லோடு.

அந்தச் சொல்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. தோட்டத்திலும் களத்துமேட்டிலும் பகலில் நாயைக் கட்டி, இரவில் அவிழ்த்துவிடுவது பழைய வழக்கம். ஆனால் அந்த நாய் கட்டிக் கிடந்தது புளியமரத்து நிழலில், குடும்பத்தின் நட்டநடுவில். மாடு போகும், ஆடு வரும், நாற்று நடுகிறவர்கள் தாண்டிப் போவார்கள், பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பங்கூழைப் பங்கு வைப்பார்கள். யார் நம் ஆள், யார் அந்நியன் என்று பகல் முழுக்க அது பாடம் படித்தது. நாம் மரத்தை விட்டுவிட்டோம், மனிதர்களை விட்டுவிட்டோம், சங்கிலியை மட்டும் மனைக்கு எடுத்து வந்தோம்.

பழகாமல் வளர்ந்த நாய் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் காக்கர் ஸ்பேனியல், பீகிள் குட்டிகளை உயரமான வேலி போட்ட மைதானத்தில் ஆள் வாடையே இல்லாமல் வளர்த்து, முடிவுகளை 1961இல் வெளியிட்டார்கள். இடையில் சில குட்டிகளை மட்டும் ஒரு வாரம் மனிதர்களோடு பழகவிட்டார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வார வயதில் அப்படிப் பழகியவை பிறகு மனிதர்களோடு ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை ஆளையே பார்க்காதவை காட்டு விலங்கு மாதிரி மிரண்டன. கிட்டப் போனால் ஓடின, பிடித்தால் திமிறின. அவற்றுக்கு வந்தது ரோஷம் இல்லை, பயம். கூண்டுக்குள் நின்று பல்லைக் காட்டும் நாயிடம் நாம் பார்ப்பதும் பெரும்பாலும் அதையேதான். ஓட வழியில்லாத பயம் பல்லைக் காட்டும். நாம் அதற்கு வீரம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

சரி, பயமோ ரோஷமோ, காவல் நடந்தால் போதும் என்பார்கள். காவல் நடக்கிறதா? எங்கள் தெருக் கூண்டு நாய்கள் பூனைக்குக் குரைக்கும், கூரியர் பையனுக்குக் குரைக்கும், காற்றில் புரளும் பிளாஸ்டிக் பைக்கும் குரைக்கும். ‘புலி வருது’ கதைதான். மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்காரரே எழுந்து பார்ப்பதில்லை. திருடனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ஊர் முழுக்கக் குரைத்தாலும் யாரும் எழாத தெரு, போதாததற்கு நாய் கம்பிக்குப் பின்னால். கடைசியில் அந்த ரோஷம் யார் மேல் பாய்கிறது? விடியற்காலை நாய் அவிழ்ந்து கிடக்கும் நேரத்தில் கேட்டைத் திறக்கும் பால்காரர் மேல்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய பிறகு இந்த நம்பிக்கை சட்டையை மாற்றிக்கொண்டது. ‘காவலுக்கு’ என்றவர்கள் ‘பாதுகாப்புக்கு’ என்கிறார்கள். வெளியே கூட்டிப்போகும் நாய்க்குக் கழுத்தில் வார் வேண்டும், தேவைப்பட்டால் வாய்க்கு மூடி வேண்டும், வாரின் மறுமுனையில் அடக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பத்து மணி நேரக் கூண்டு இந்த மூன்றில் எதையும் தராது. அடக்கி வைத்த தெம்பையெல்லாம் சேர்த்துத் தெருவில் இறக்கிவிடும், அவ்வளவுதான்.

ஒரு நாள் அனுமதி கேட்டு, டேப் வைத்து அந்த லேப்ரடாரின் கூண்டை அளந்தேன். நீளம் 3 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடி. விமானத்தில் நாயை ஏற்றும் பெட்டிக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை மூட்டு வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்காத உயரம். இந்த நாய்க்கு மூக்கிலிருந்து வால் வரை 3 அடி, முழங்கை வரை 1 அடி, நின்றால் தலை இரண்டரை அடி. அப்படியானால் பெட்டி மூன்றரை அடி நீளமும் இரண்டரை அடிக்குக் குறையாத உயரமும் இருக்க வேண்டும். அகலத்தில் மட்டும் கூண்டு தேறியது. ஒரு பயணத்துக்கான பெட்டிக்குக்கூட எட்டாத கூண்டில் அது தன் ஆயுளைக் கழிக்கிறது. கம்பியில் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல்தோல் வழன்றிருந்தது. சிமென்ட் தரையில் கிடந்து முழங்கை காய்த்துப் போயிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்திருந்தது.

மேலே அந்தத் தகரம். நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவான ஊர் இது; மே மாதத் தகரத்துக்கு அடியில் என்ன இருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தால் தெரியும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சரியாக வேலை செய்யாது. நாயின் இயல்பான உடல் சூடு 38, 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அந்த இடைவெளி இரண்டே டிகிரிதான். அதுவும் லேப்ரடார், நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு நீந்திய நாய்களின் வம்சம். உடம்பில் இரட்டைக் கம்பளி போட்டுக்கொண்டு பிறந்தது.

சட்டம் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்று நினைக்க வேண்டாம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக வந்தது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆவது பிரிவு, விலங்கு நியாயமாக அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடமாட விடாத உரிமையாளரையும் அது தனியாகச் சுட்டுகிறது. ‘நாய்’ என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு அது இரண்டு டீ, இரண்டு வடைக் காசு. அந்தத் தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அறுபது வருஷத்துக்கு முன்பே இது குற்றம் என்று தெரிந்திருந்தது. நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இப்போது செல்லப் பிராணிக் கடைகள் வேறொரு பாட்டுப் பாடுகின்றன. “நாய் குகையில வாழ்ற விலங்கு சார், க்ரேட்ல விட்டா அதுக்கு சந்தோஷம்” என்று மடக்குக் கூண்டை விற்கிறார்கள். அரை உண்மை. ஓநாய் குழி தோண்டுவது குட்டி போடத்தான். நம் தெரு நாயும் கட்டட வேலைக்குக் கொட்டிய மணலுக்குள் குழி பறித்து ஈனும். சில வாரத்தில் குட்டிகள் வெளியே ஓடிவிடும். எந்தக் குகைக்கும் வெளியிலிருந்து தாழ்ப்பாள் கிடையாது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

அப்படியானால் கூண்டே கூடாதா? அதுவும் தப்பு. குட்டிக்கு ஒன்றுக்குப் போகும் ஒழுங்கைப் பழக்க, தீபாவளி வெடிச் சத்தத்தில் ஒளிய, அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆடாமல் கிடக்க, நல்ல கூண்டு பேருதவி. கூண்டுக்குப் பழகிய நாயை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அங்கே அடைத்தாலும் அலறாது. வாங்குகிறவர்கள் நாயை அளந்து வாங்குங்கள், விலையைப் பார்த்து வாங்காதீர்கள். பாதமோ தாடையோ சிக்காத அளவுக்குக் கம்பி நெருக்கமாக இருக்கட்டும். அடியில் கம்பி வலை வேண்டாம். பலகை போட்டு மேலே சாக்கு விரியுங்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டு ஆட்கள் உட்காரும் கூடத்தில் வையுங்கள். முதல் பத்து நாள் கதவைச் சாத்தவே வேண்டாம், சோற்றை உள்ளே வைத்தால் போதும். பிறகு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கழுத்துப் பட்டை கம்பியில் மாட்டும், கழற்றிவிட்டு விடுங்கள். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது. வளர்ந்த நாய்க்கும் நாலு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதுவும் ஒரு நடை கூட்டிப்போய் வந்த பிறகு. தப்பு செய்ததற்குத் தண்டனையாக ஒருநாளும் உள்ளே தள்ளாதீர்கள். பத்து மணி நேரம் வீட்டில் ஆளே இருக்காது என்றால் மதியம் வந்து திறந்துவிட ஒரு ஆளைத் தேடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நாய் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

டேப்பில் வந்த அளவைக் காட்டியதும் பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் நம்பிக்கை மாறியதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தகரத்தைப் பிரித்தார். கூண்டைப் போர்ட்டிகோ நிழலுக்கு இழுத்துக் கதவைத் திறந்தே போட்டார். மதியம் வந்து பார்க்கத் தன் அக்காவை ஏற்பாடு செய்தார். மூன்று வாரம் ஆகிறது. லேப்ரடார் இதுவரை ஒரு தடவைகூட அதற்குள் போகவில்லை. கூண்டுக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் படுக்கிறது. கூரியர் பையனைப் பார்த்தால் வாலாட்டுகிறது; அவர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது.

போன வாரம் ராத்திரி இரண்டு மணி இருக்கும். அது நாலே நாலு தடவை குரைத்தது. என்ன பார்த்ததோ தெரியவில்லை. தெருவில் மூன்று வீட்டில் விளக்கு எரிந்தது.