பேட் மாற்றியும் ஓயாத கீச்சொலி

சிஞ்ச்வட் ரயில் நிலையத்தை ஒட்டிச் செல்லும் பழைய மும்பை - புனே நெடுஞ்சாலையில் காலை வேளைகளில் பிக்கப் வண்டிகளின் ராஜ்யம்தான். போசரிக்கு இரும்பு உதிரிகள், சாக்கனுக்கு அட்டைப் பெட்டிகள், குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கேன்கள். சிக்னல் விழுந்ததும் அதில் ஒன்று கீச்சென்று காதைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. நடைபாதையில் போகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் காது அதற்குப் பழகிப் பல வாரங்கள் ஆகியிருக்கும்.

பிக்கப்புக்கும் இந்த ஊருக்கும் உறவு பழையது. 1966-இல் டெல்கோ (2003 முதல் டாடா மோட்டார்ஸ்) பிம்ப்ரியில் காலூன்றியது. 1988-இல் அதன் டாடாமொபைல் பிக்கப் சாலைக்கு வந்தது. மோட்டார் வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனமும் புனேயில்தான் இருக்கிறது. பிரேக் விஷயத்தில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. சென்னை பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தொடங்கப்பட்டன. இத்தனை இருந்தும், கத்தும் பிக்கப்பைத் தெருவோர ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் நடப்பது ஒன்றுதான். பேட் மாற்றுவார்கள். மூன்று வாரம் அமைதி. பிறகு மறுபடி கீச். வேறு கம்பெனி பேட் போடுவார்கள். மறுபடி கீச். உரிமையாளர் பர்ஸைப் பார்த்துவிட்டு, சத்தத்தோடு வாழப் பழகிக்கொள்வார்.

அங்கேதான் ஆபத்து. பல டிஸ்க் பேட்களில் ஒரு சிறிய எஃகு நாக்கு வைத்திருக்கிறார்கள். பேட் தேய்ந்து ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் மிஞ்சும்போது அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். கத்துவதுதான் அதன் வேலை. பெரும்பாலும் வண்டி ஓடும்போதே இது கேட்கும். பிரேக்கை மிதித்தால் அடங்கும் அல்லது மாறும். மிதித்தால் மட்டும் வரும் சத்தம் வேறு ஜாதி. இரண்டையும் பிரித்துப் பார்க்காத சில மெக்கானிக்குகள், நச்சரிக்கும் வாடிக்கையாளருக்காக அந்த நாக்கை வளைத்தே விட்டுவிடுகிறார்கள். பிறகு பேட் முழுக்கத் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசிக் ‘கர்’ரென்று கேட்கும்போதுதான் தெரியவரும்.

மிதித்தால் வரும் கீச்சொலிக்கு விஞ்ஞானம் நீண்ட காலமாக விடை தேடிவருகிறது. இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோதே, உலோகத்தோடு உலோகம் உரசும் சத்தம் பெரிய தலைவலியாக இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்பர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விளக்கம் தந்தார். அதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கரும்பலகை போதும். சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்து எழுதினால் கீச்சிடும். கொஞ்சம் சாய்த்தால் அடங்கிவிடும். சாக்பீஸும் மாறவில்லை, பலகையும் மாறவில்லை. மாறியது கோணம் மட்டுமே. பேட்டும் டிஸ்க்கும் அப்படித்தான். உராய்வு அவற்றை அதிரவைக்கிறது. டிஸ்க்கின் அதிர்வும் பேட்டின் அதிர்வும் கைகோர்த்துக்கொண்டால், வினாடிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளில் சக்கரமே மணிபோல ஒலிக்கிறது. பேட்டின் ஓரங்களைச் சீவிச் சரிவாக்குவதும், அதன் முதுகில் மெல்லிய ஷிம் தகடு ஒட்டுவதும் இந்தக் கைகோர்ப்பைக் கலைக்கத்தான். பேட் மாற்றும் அவசரத்தில் குப்பையில் போவதும் அதே ஷிம் தகடுதான்!

ஆகவே எந்தப் பேட் என்பதைவிட, எப்போது கத்துகிறது என்று கேட்பதுதான் நல்ல வைத்தியம். மழைக்காலத்தில் காலையில் மட்டும் கத்தி, நாலைந்து முறை மிதித்ததும் அடங்குகிறதா? இரவில் டிஸ்க்கில் படிந்த துரு அது. ஒன்றும் செய்ய வேண்டாம். மெதுவாக மிதித்தால் கத்தி, அழுத்தி மிதித்தால் நிற்கிறதா? காலிப்பரின் ஸ்லைடு பின்கள் காய்ந்து இறுகியிருக்கலாம். பேட் நேராக உட்கார மறுக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறதா? அந்தப் பக்கம் ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டு பிரேக்கை விடாமல் பிடிக்கிறது. சத்தம் பின்னாலிருந்து வந்தால் டிரம்மைக் கழற்றித் தூசியைத் துடைக்க வேண்டும். ஷூ உட்காரும் இடங்கள் வறண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். (தூசியைக் காற்றுக் குழாயால் ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன்.) வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கினால்கூட டிஸ்க் கோணிக்கொள்ளும். டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்படும்.

இவையெல்லாம் காருக்கும் பொருந்தும். பிக்கப்புக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பலரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது கத்தும் சக்கரத்தின் அருகிலேயே இல்லை.

பிக்கப் காலியாக இருக்கும்போது பின்பக்கம் லேசு. பின் பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பாரம் ஏற்றினால் பின் பிரேக்குக்கு அதிக வேலை தர வேண்டும். இதைக் கவனிக்கப் பல பிக்கப்களில் சேஸிஸில் ஒரு வால்வு இருக்கிறது. பின் அச்சோடு அது ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். சில புதிய வண்டிகளில் இந்த வேலையை எலக்ட்ரானிக் முறையே பார்த்துக்கொள்கிறது.

இப்போது உரிமையாளர் என்ன செய்கிறார்? கம்பெனி சொன்னதைவிட அதிகம் ஏற்றுவதற்காகப் பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாகப் போடுகிறார். நாடெங்கும் சகஜமான வழக்கம். இரண்டு டன் ஏற்றினாலும் வண்டி தாழ்வதில்லை. பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் வால்வு ஏமாந்துபோகிறது. வண்டி காலி என்றே நினைத்துப் பின் பிரேக்கின் பங்கைக் குறைக்கிறது. முழுப் பாரமும் முன் பேட்களின் தலையில் விழுகிறது.

அந்த வண்டி மும்பைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். லோனாவாலா கடல் மட்டத்திலிருந்து சுமார் 620 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காட் இறங்கினால் கோபோலி. மூன்று டன் எடையுள்ள வண்டி 500 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கியரைக் குறைத்து இறங்கினால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய எல்லாம் பிரேக்குக்குத்தான், அதுவும் முன் பிரேக்குக்கு. பேட்டில் உள்ள பிசின் கருகி, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கிறது. பளபளப்பான பேட் கத்தும். கத்துவதோடு பிடிப்பும் குறையும். ஒர்க்‌ஷாப்பில் உப்புத்தாளால் தேய்த்தால் அல்லது புதுப் பேட் போட்டால் சத்தம் நிற்கும், அடுத்த காட் வரை. பேட்டின் மேல் பழி போட்டு மூன்று செட் மாற்றியவர்கள், பின் அச்சின் கம்பியை ஒருமுறைகூடக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இதைவிட மோசமானவை கைவைத்தியங்கள். டிஸ்க்கில் எண்ணெய்த் துளி விட்டால் சத்தம் உடனே நின்றுவிடும், பிரேக்கும் நின்றுவிடும். கிரீஸ் தடவலாம், ஆனால் பேட்டின் முதுகுப் பக்கம், ஸ்லைடு பின்களில், அதுவும் வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸாக, துளி அளவு. உராயும் முகத்தில் எண்ணெய் பட்ட பேட்டைக் கழுவிப் பயனில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான்.

புதுப் பேட் போட்ட கையோடு பாரம் ஏற்றிக் காட் இறங்குவதும் தவறு. மிதமான வேகத்தில் இருபது, முப்பது முறை மெல்ல மிதித்து, நடுவே ஆறவிட்டு ஓட்டினால் பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராகப் படியும். வால்வைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். வண்டியைக் காலியாகச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். கம்பி ஒடிந்திருக்கிறதா, சேற்றில் இறுகியிருக்கிறதா, யாராவது கட்டுக்கம்பியால் கட்டிவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கம்பியின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்தந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. கூடுதல் பட்டை போட்ட வண்டிக்கு அந்த அளவு பொருந்தாது. முதலில் பட்டைகளைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த இடத்தில்தான் உரிமையாளர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.