ஏலத்தில் ஜெயிப்பது யார்?

டெண்டர் பாடத்தில் செலவைக் கூட்டு, லாபத்தைச் சேர், தொகையை எழுது என்று சொல்லித் தருகிறார்கள். சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே வரைபடத்தையும் ஒரே மண் பரிசோதனை அறிக்கையையும் பார்த்துவிட்டு ஐந்து கான்ட்ராக்டர்கள் ஏன் ஐந்து தொகை எழுதுகிறார்கள்? சிமென்ட் விலை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே!

வித்தியாசம் மனசில் இருக்கிறது. தெரியாத விஷயத்துக்குப் பயந்து ஒருவர் கொஞ்சம் தொகையை ஒதுக்கி வைப்பார். இன்னொருவர் 'பார்த்துக்கலாம்' என்று அதை விட்டுவிடுவார். அந்நிய நாட்டில் வேலை என்றால் நாணய மதிப்பு, அந்த ஊர்ச் சட்டம், அரசின் கொள்கை என்று தெரியாதவை இன்னும் கூடும். துணிந்தவர் தொகைக்குத்தான் வேலை கிடைக்கும்.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு இது பழைய கதை. முத்துக்குளித்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இருக்கும் என்று அதிகம் நம்பியவர்தான் அதிகம் கேட்பார்.

எதிர்க்கரையில் இதுவே பெரிய அளவில் நடந்தது. 1903 முதல் தொடர்ந்து நல்ல விளைச்சல். அதைப் பார்த்து ஒரு பிரிட்டிஷ் கம்பெனி 1906-ல் இலங்கையின் முத்துப் படுகைகளை 20 வருடங்களுக்கு, வருடம் 3,10,000 ரூபாய் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பியே இல்லை. சில வருடங்களில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நல்ல வருடங்களை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு அது.

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். 1998-ல் தூத்துக்குடியின் ஏழாவது தளத்தை கன்டெய்னர் முனையமாக்கி 30 வருடம் நடத்தும் உரிமையை சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ.வும் சென்னையின் சிகாலும் சேர்ந்த நிறுவனம் பெற்றது. பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு ராயல்டி, அதுவும் வருடா வருடம் ஏறும் என்பது ஒப்பந்தம். ஆனால் வாடிக்கையாளரிடம் என்ன கட்டணம் வாங்கலாம் என்று தீர்மானித்தது ஒரு மத்திய ஆணையம். கட்டணக் கணக்கில் ராயல்டியைச் செலவாக முழுமையாகச் சேர்க்க அது ஒப்பவில்லை. தர வேண்டியது ஏறுகிறது, வாங்குவது ஏறவில்லை. பிறகு வந்த ஒப்பந்தங்களுக்கு அரசே வருவாய்ப் பங்கு முறைக்கு மாறியது. எங்களுக்கும் அதையே கொடுங்கள் என்று நிறுவனம் கேட்டது. 2014-ல் நடுவர் மன்றம் சரி என்றது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது: ஒரு தரப்பு சம்மதிக்காத புது ஒப்பந்தத்தை நடுவர்கள் எழுத முடியாது.

கேட்டவுடன் பாவமாகத்தான் இருக்கிறது. விதியை எழுதுவது அரசு, அடி வாங்குவது கம்பெனியா? ஆனால் இன்னொருவரையும் யோசியுங்கள். எந்த டெண்டரிலும் ரிஸ்க்கை நேர்மையாகக் கணக்கில் சேர்த்து, குறைவாகக் கேட்டுத் தோற்றுப்போன ஒருவர் இருப்பார். ஜெயித்தவருக்காகப் பின்னால் விதியை மாற்றினால் அவருக்கு என்ன பதில்? பின்னால் பேசிச் சரிக்கட்டலாம் என்று தெரிந்துவிட்டால், அடுத்த டெண்டரில் எல்லோருமே கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். அதனால் தீர்ப்பு சரி என்பதே என் கட்சி.

அதற்காக துறைமுகத்தின் மேல் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை. எவ்வளவு சரக்கு வரும் என்பது கான்ட்ராக்டர் தலையில் இருக்கட்டும், அது அவர் தொழில். அரசு கொள்கை மாறினால் என்ன செய்வது என்பதை டெண்டர் போடும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். அதிகத் தொகையைப் பார்த்ததும் சந்தோஷப்படாமல், இது எப்படிக் கட்டுப்படியாகும் என்று ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் வெளித்துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. சுமார் 7,000 கோடி ரூபாய்த் திட்டம். இதிலும் பலர் விலை எழுதுவார்கள். தப்பான ஆள் ஜெயித்தால் கம்பெனி கோர்ட்டுக்குப் போகும். வேலை நின்றால் லாரி ஓட்டுபவரும் சுமை தூக்குபவரும் எங்கே போவார்கள்?