அணிச்சலில் ஒரு குடும்ப உலா

பிறந்தநாள் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அணிச்சல்தான். முன்பெல்லாம் அக்கம்பக்கத்து ரொட்டிக் கடையில் வாங்கிய அணிச்சலின்மேல் பெயரும் வயதும் எழுதியிருந்தாலே பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். இன்று சிங்கப்பூரில் வீட்டிலிருந்தபடியே அணிச்சல் செய்து விற்போர் பலர் இருக்கின்றனர். கார், பொம்மை, கேலிச்சித்திரப் பாத்திரம் எனக் கேட்ட உருவத்தில் அவர்கள் செய்து தருகின்றனர். குடும்பமாகச் சென்றுவந்த பழைய இடங்களை அணிச்சலாக வடித்துத் தரும்படி கேட்போரும் உள்ளனர். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் விரித்த பாய், தோ பாயோவின் டிராகன் விளையாட்டிடம், செந்தோசாவுக்குச் செல்லும் கேபிள் கார் என அவரவர் நினைவுக்கேற்ப விருப்பமும் மாறும். இவை வெறும் ஆடம்பரம் என்று சிலர் கருதலாம். ஆயினும், ஒரு குடும்பத்தின் நினைவுகளை அடுத்த தலைமுறையிடம் சேர்க்க இவை நல்ல வாய்ப்பாக அமைகின்றன என்பதே உண்மை.

சிங்கப்பூர் வேகமாக மாறும் நாடு. பெற்றோர் கண்டு களித்த இடங்கள் பலவற்றைப் பிள்ளைகள் பார்க்க இயலாது. ரிவர் வேலி சாலையில் 1955இல் திறக்கப்பட்ட வான் கிளீஃப் மீன் காட்சியகம் 1996இல் மூடப்பட்டது. 1971இல் தொடங்கிய ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் விடைபெற்றது. அங்குள்ள செயற்கை அருவியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பங்கள் அக்காலத்தில் குறைவாகத்தான் இருந்திருக்கும். இடம் மறைந்தபின் எஞ்சியிருப்பது மனிதர்களின் நினைவு மட்டுமே. அந்நினைவைச் சொல்லவும் கேட்கவும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. அந்தக் காரணத்தை அணிச்சல் தருகிறது.

படத்தொகுப்பைப் புரட்டினாலே போதாதா எனக் கேட்கலாம். படத்தொகுப்பு பெரும்பாலும் அலமாரியில் உறங்குகிறது. கைப்பேசியில் உள்ள ஆயிரக்கணக்கான படங்களையோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அணிச்சலின் நிலை வேறு. அதைச் செய்பவருக்கு விவரங்கள் தேவை. தாத்தாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு குடும்பம் டிராகன் விளையாட்டிடத்தைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். “உங்கள் தாத்தா எங்கே நின்றுகொண்டிருப்பார்? பாட்டியின் சேலை என்ன நிறம்? பிள்ளைகள் எத்தனை பேர்? கையில் என்ன வைத்திருந்தார்கள்?” என்று அணிச்சல் செய்பவர் கேட்பார். பேரப்பிள்ளைகளுக்கு விடை தெரியாது. அவர்கள் அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா தம் அண்ணனை அழைத்துக் கேட்பார். சேலை பச்சை என்பார் ஒருவர். நீலம் என்பார் மற்றொருவர். அணிச்சல் அடுப்பில் ஏறுவதற்கு முன்பே, பல மாதங்களாகப் பேசிக்கொள்ளாத உறவினர்கள்கூடப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அணிச்சல் செய்பவரின் உழைப்பையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1979இல் கட்டப்பட்ட அந்த டிராகனின் தலை சிறு சிறு வண்ணச் சில்லுகளால் ஆனது. அதை அணிச்சலில் கொண்டுவரச் சர்க்கரைப் பசையை மெல்லியதாகத் தேய்த்து, சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ரொட்டிசு எனப்படும் பிஸ்கட்டைப் பொடித்துத் தூவினால் அது மணலாகிவிடும். சிங்கப்பூரின் வெப்பத்தில் வெண்ணெய்ப் பூச்சு எளிதில் உருகும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் சர்க்கரை உருவங்கள் உலரப் பல நாள்கள் ஆகும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அவற்றின்மேல் நீர் முத்துகள் அரும்பி வண்ணம் கலையவும் கூடும். இவற்றையெல்லாம் சமாளித்து, வீவக வீட்டின் சிறிய சமையலறையில், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராமல் அவர் வேலை செய்கிறார். உணவுத் தூய்மைக்கான வழிகாட்டிகளையும் பின்பற்றுகிறார். “வீட்டில் செய்ததுதானே, விலையைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்பது அந்த உழைப்பை மதியாத செயல். கடை வாடகை இல்லை என்பதால் கைவேலையின் மதிப்பு குறைந்துவிடாது.

இத்தகைய அணிச்சல்களுக்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துகளிலும் நியாயம் உண்டு. இவற்றின் விலை எல்லாக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகாது. சர்க்கரையும் வெண்ணெயும் மிகுந்திருப்பதால் அளவோடுதான் உண்ண வேண்டும். சில வீடுகளில் அணிச்சலைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் பதிவேற்றுவதோடு கொண்டாட்டம் முடிந்துவிடுகிறது. பாதி அணிச்சல் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. பிறர் பாராட்ட வேண்டும் என்பதற்காகவே வாங்கும் அணிச்சல் வீண் செலவு என்பதில் ஐயமில்லை.

ஆனால், இக்குறைகள் பயன்படுத்தும் முறையால் வருபவை. அவற்றைத் தவிர்க்க முடியும். மூன்றடுக்கு அணிச்சல் தேவையில்லை. அளவில் சிறிய ஒன்றின்மேல் ஒரு பாயும், ஓர் அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரமும், நான்கு உருவங்களும் இருந்தால் போதும். பழைய குடும்ப உலாக்களும் அப்படித்தான் எளிமையாக இருந்தன. பாட்டி விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறுவார், முட்டை அவிப்பார். எல்லாரும் பேருந்தில் ஏறிக் கடற்கரைக்குச் செல்வார்கள். அங்கே மணலில் விளையாடியதற்கும் மரநிழலில் உண்டதற்கும் பெரிய செலவு ஏதும் ஆகவில்லை. அந்த எளிமையைச் சொல்லும் அணிச்சல் ஆடம்பரமாக இருப்பது பொருந்தாது.

அணிச்சலை வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அந்த உலாவைப் பற்றித் தாத்தாவோ பாட்டியோ சிறிது நேரம் பேச வேண்டும். பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் நேரம் குறைந்துவரும் குடும்பங்களுக்கு இது கூடுதல் நன்மை தரும். சறுக்குமரம், கட்டுச்சோறு, ஊஞ்சல் போன்ற சொற்களைப் பிள்ளைகள் ஒரு கதையின் வழியே கேட்பார்கள். அப்படிக் கேட்ட சொல் எளிதில் மறக்காது.

அதோடு நின்றுவிடவும் கூடாது. பழைய உலாவைக் கொண்டாடும் குடும்பம் புதிய உலாவுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். வேலை, துணைப்பாடம், தேர்வு எனக் காரணங்கள் எப்போதும் இருக்கும். எனினும், தோ பாயோ டிராகன் இன்றும் மணல்மேல் படுத்திருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பாய் விரிக்க இன்றும் இடம் உண்டு. ஜூரோங்கில் இருந்த பறவைகளை மண்டாயில் உள்ள புதிய பூங்காவில் காணலாம். இன்று பெற்றோருடன் வெளியே செல்லாத பிள்ளைக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து அணிச்சலில் வடிக்கச் சொல்ல எந்த இடமும் இருக்காது.

ஆகவே, நினைவுகளை வடிக்கும் அணிச்சல்கள் வரவேற்கத்தக்கவை. அவற்றைச் செய்வோரின் கைத்திறனுக்கு உரிய விலையும் மரியாதையும் கிடைக்க வேண்டும். வாங்குவோரும் அவற்றைக் காட்சிப் பொருளாக மட்டும் கருதாமல், பேசுவதற்கும் மீண்டும் ஒன்றாகப் புறப்படுவதற்கும் ஒரு தூண்டுகோலாகக் கொள்ள வேண்டும். அணிச்சலைச் சுவைத்து முடித்த பேரப்பிள்ளை, “தாத்தா, அந்த இடத்துக்கு எப்போது போகலாம்?” என்று கேட்டால், செலவழித்த பணத்திற்குப் பயன் கிடைத்துவிட்டது எனலாம்.