எழுந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள்



1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிற்பதை அமெரிக்க உளவு விமானம் படம் பிடித்துவிட்டது. இன்றோ நாளையோ அணுகுண்டு விழலாம் என்ற நிலை. அப்போது வாஷிங்டனில் சோவியத் தூதராக இருந்த தோப்ரினின், மாஸ்கோவுக்குத் தகவல் போன விதத்தைப் பின்னாளில் எழுதினார். சங்கேத எழுத்தில் தந்தியைத் தயார் செய்துவிட்டு, தந்திக் கம்பெனிக்குப் போன் செய்வார்களாம். ஒரு பையன் சைக்கிளில் வந்து வாங்கிப் போவான். வழியில் யாராவது ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றுவிடாமல் இருக்க வேண்டுமே என்று தூதரகத்தில் இருந்தவர்கள் வேண்டிக்கொள்வார்களாம்!

(நம்மவர் ஒருவருக்கும் இந்த அணு ஆயுதக் கதையில் இடம் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கென்னடியை நேரில் பார்த்துக் கேட்க, 83 வயதில் ராஜாஜி வாஷிங்டன் போனது அதற்கு முந்தைய மாதம், 1962 செப்டம்பரில்.)

அந்தச் சைக்கிள் பையனுக்கு ஓய்வு கொடுத்தது வாஷிங்டனையும் மாஸ்கோவையும் நேரடியாக இணைக்க 1963 ஜூனில் ஜெனிவாவில் கையெழுத்தான ஒப்பந்தம். சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் எல்லாம் கற்பனை, வந்தது டெலிபிரிண்டர். வாயால் பேசினால் குரலில் ஏறும் கோபம் காரியத்தைக் கெடுத்துவிடும், எழுதினால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று இரு தரப்புமே நினைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், நிலத்துக்கு மேலும் கடலுக்குள்ளும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை கூடாது என்ற ஒப்பந்தமும் வந்தது. 1972இல் நிக்சனும் பிரெஷ்னெவும் ஏவுகணைகளுக்கு உச்சவரம்பு போட்டார்கள். பிறகு ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தது, மறுபடி பழைய பகை.

இந்த இதழுக்காகப் பனிப்போர்க் காலத்தைப் புரட்டியபோது என்னைப் பிடித்து நிறுத்தியவர் பால் நிட்சே என்ற அமெரிக்கர். சமாதானப் புறா என்று அவரைச் சொல்லவே முடியாது. சோவியத்தை எதிர்க்க அமெரிக்கா பெருமளவில் ஆயுதம் சேர்க்க வேண்டும் என்று 1950இல் அரசுக்கு அறிக்கை எழுதியவர்களில் அவரே முக்கியமானவர். எழுபதுகளின் இறுதியில் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் ஒன்றை முன்னின்று எதிர்த்தவரும் அவர்தான். அப்பேர்ப்பட்டவரை ரீகன் அரசு ஜெனிவாவுக்கு அனுப்பியது, ஐரோப்பாவைக் குறிவைத்து நின்ற நடுத்தூர ஏவுகணைகளைப் பற்றிப் பேச.

1982 ஜூலையில் ஒரு நாள், நிட்சேயும் எதிர்த்தரப்பின் க்விட்சின்ஸ்கியும் மேசையை விட்டுவிட்டு, ஜெனிவாவுக்கு மேலே ஜூரா மலைக் காட்டில் நடக்கப் போனார்கள். ஒருவருக்கு 75 வயது, மற்றவருக்கு நாற்பதுகளின் நடு. கீழே கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்து நிட்சே தன் காகிதங்களை வாசித்துக் காட்டினார். மழை தூறியதும் காருக்குள் போய்ப் பேச்சைத் தொடர்ந்தார்கள். ஐரோப்பாவில் ஆளுக்கு 75 ஏவும் சாதனங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்பது யோசனையின் சாரம். வாஷிங்டன் ஏற்கவில்லை. மாஸ்கோவும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஏவுகணைகள் மேற்கு ஜெர்மனிக்கு வந்து இறங்கியதும், க்விட்சின்ஸ்கியின் குழு பேச்சுவார்த்தையை விட்டே எழுந்து போய்விட்டது.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1985இல் ஜெனிவாவில் மறுபடி பேச்சு தொடங்கியது. அந்த நவம்பரில் ரீகனும் கோர்பசேவும் அங்கே சந்தித்து, அணு ஆயுதப் போரில் யாரும் வெல்ல முடியாது, அதை நடத்தவே கூடாது என்று கூட்டாக அறிவித்தார்கள். 1986 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் மீண்டும் சந்திப்பு. முதல் நாள் இரவு தலைவர்கள் தூங்கப் போன பிறகு நிபுணர்கள் விடிய விடியப் பேசினார்கள். அமெரிக்கத் தரப்புக்குத் தலைமை, 79 வயது நிட்சே. எதிரே, இரண்டாம் உலகப் போரில் போரிட்ட மார்ஷல் அக்ரொமேயெவ். இருவருக்கும் பேரழிவைப் பற்றிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. மறுநாள், ஏவுகணைகளைத் தடுக்க ரீகன் முன்வைத்த விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தின் சோதனைகளை ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்வதா என்ற சிக்கலில் எல்லாம் உடைந்தது. வாசலில் எடுத்த படங்களில் இரு தலைவர்களின் முகத்திலும் ஈயாடவில்லை.

ஆனால் ரெய்க்யாவிக்கில் ஒத்துப்போன விஷயங்கள் கோப்பில் இருந்தன. 1987 டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு அவைதான் அடித்தளம். தரையிலிருந்து 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் ஏவுகணைகள் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்றது அது. 1991க்குள் இரு தரப்பிலுமாக 2,692 ஏவுகணைகளை அழித்தார்கள். கோர்பசேவின் பொருளாதார நெருக்கடி, ஐரோப்பியத் தெருக்களில் திரண்ட லட்சக்கணக்கான மக்கள் என்று வேறு காரணங்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. இருந்தாலும் அந்த நெருக்கடியைக் காகிதத்தில் ஒப்பந்தமாக்க, அதற்கு முன் பலமுறை தோற்றுப்போன ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

கையெழுத்துக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. இசைமேதை சைகோவ்ஸ்கி பிறந்த ஊர் வோட்கின்ஸ்க். ஏவுகணைத் தொழிற்சாலை இருந்ததால் வெளிநாட்டவர் காலடி படாத ஊர். 1988இலிருந்து அந்தத் தொழிற்சாலை வாசலிலேயே அமெரிக்கப் பரிசோதகர்கள் குடியேறி, வெளியே வரும் ரயில் பெட்டிகளை அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மேக்னா என்ற சிற்றூரில் சோவியத்காரர்கள் அதே வேலையைச் செய்தார்கள். 13 ஆண்டுகள் இது நடந்தது. நடுவில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது, பரிசோதனை மட்டும் நிற்கவில்லை.

அந்த 1987 ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. நீண்டதூர ஏவுகணைகளுக்கான 2010ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஆயுளும் 2026 பிப்ரவரி வரைதான் நீட்டிக்கப்பட்டிருந்தது. புதிதாக ஒன்றை எழுத, ஜூரா மலையில் நடந்தவர்களைப் போல ஆட்கள் இரு பக்கமும் இருக்கிறார்களா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

‘சோவியத் நாடு’ இதழ் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. 1987 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தான செய்தியை எங்கே கேட்டீர்கள், அப்போது நம்பினீர்களா? எழுதுங்கள். வழக்கம்போல அஞ்சலட்டையானாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியர்